கிரேக்கரின் விடுதலை

லீலாதேவி அலுமாரியில் பட்டு வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது பொலிசார் உள்ளே வந்தார்கள். கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது.

அவளுடைய கணவர் தர்மராசா அன்று காலைதான் இறந்திருந்தார். பதுளையில் பதினெட்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்திருப்பதாக யாரோ பொலிசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். போர் நடந்த தொண்ணூற்றாறாம் வருடம் அது போதுமாயிருந்தது.

சார்ஜன் மேசையிலிருந்த வரைபடத்தைத் தூக்கினார். சிவப்பு மையில் அம்புக்குறிகள். சிங்களத்தில் ஏதோ கேட்டார். தர்மராசாவோடு படிப்பித்த மொஹிதீன் மாஸ்டர் முன்னால் வந்தார்.

"இது எந்த இடம்னு கேக்குறார், அக்கா."

"கிரேக்கம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது."

"இந்த அம்புக்குறி?"

"பிளமினினஸ் எண்டு ஒரு உரோமத் தளபதி. அவர் படை கொண்டுபோன வழி. கிரேக்கரை அடக்கி வைச்சிருந்த அரசனைத் தோற்கடிச்சுப்போட்டு, விளையாட்டு விழாவில வைச்சு, இனி உங்களுக்கு விடுதலை எண்டு அறிவிச்சவர்."

மொஹிதீன் விடுதலை என்ற சொல்லில் தடுமாறினார். சிங்களத்தில் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை. "நிதஹஸ" என்றார். சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் படை என்ன ஆச்சுன்னு கேக்குறார்."

"ரெண்டு வருசத்தில திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிட்டார்."

"திரும்பி வரலியா?"

மேசையில் கிடந்த பாடக்குறிப்பின் கடைசித் தாள் அவள் கையெழுத்து. கணவருக்குக் கை நடுங்கியதால் போன கிழமை அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. ஐம்பது வருடம் கழித்து உரோமர் திரும்பி வந்ததும், கொறிந்து நகரை எரித்ததும், ஆண்களைக் கொன்று பெண்களை விற்றதும் அதில் இருந்தன. சார்ஜனின் பெருவிரல் அந்தத் தாளின் மேல்தான் ஊன்றியிருந்தது.

ஒரு ஆண்டைப் பிழையாக எழுதினாலும் புள்ளி குறைக்கிற மனிதர், தாடைக்குக் கட்டுப் போட்டபடி பக்கத்தில் கிடந்தார்.

"இல்லை," என்றாள். "வரேல்லை."

மொஹிதீனுக்கு அந்தப் பாடம் தெரியும். அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அப்படியே மொழிபெயர்த்தார்.

சார்ஜன் வரைபடத்தை மட்டும் சுருட்டிக்கொண்டார். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், பெயர்களை எழுதினார்கள், போனார்கள்.

"நாளைக்கு ஸ்டேசனுக்கு வரணுமாம், அக்கா. நானும் வாறேன்."

அவள் தலையாட்டினாள்.

பின்வளவில் உடலைக் குளிப்பாட்ட வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். லீலாதேவி குனிந்து ஒன்றில் கையை விட்டாள்.

"இது பச்சைத்தண்ணி. கொஞ்சம் சுடுதண்ணி கலவுங்கோ. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

ஒருத்தி குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள்.