அருகில் குடியிருப்பு: இல்லை

“மதியச் சாப்பாடு எங்க வீட்ல வெச்சுக்கலாம் சார். பொண்ணுங்களுக்கு பாத்ரூமும் இருக்குது.”

சொல்லியே விட்டாள். நாகவல்லி எம்.ஏ., பி.எட். என்று ஒவ்வொரு படியாக ஏறியபோதெல்லாம் அவள் அம்மா கன்னியம்மா வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். “கூட வேல செய்றவங்கள ஊட்டுக்கு மட்டும் கூப்டாத. வரமாட்டாங்க. வந்தாலும் தண்ணி குடிக்க மாட்டாங்க. அத்த வேற நான் கண்ணால பாக்கணுமா?”

வேலப்பன்சாவடியில் அவள் பாடம் நடத்தும் தனியார் பள்ளியின் தலைமையாசிரியர் கோதண்டம் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து நாற்காலியில் அறிவியல் ஆசிரியை ஹேமாவதி.

“உங்க வீடா? ஆவடின்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன்?”

“ஆவடில ஹாஸ்டல் சார். வீடு நாம டூர் போற எடத்துலதான். கல்வட்டத்துலேர்ந்து ஒரு கொல்லையத் தாண்டினா எங்க தெரு.”

கோதண்டம் சுற்றுலாப் பாரத்தைத் தூக்கிக் காட்டினார். “அருகில் குடியிருப்பு: இல்லை. குடிநீர்: இல்லை. கழிப்பறை: இல்லை. உங்க கையெழுத்துதானேம்மா?”

அவள் கையெழுத்துதான். நாலு வருஷமாக யார் ஊரைக் கேட்டாலும் “திருவள்ளூர் பக்கம்” என்று சொல்லிப் பழகிய கை, பாரத்தில் கேட்டபோதும் அதையே செய்தது. கல்லூரியிலும் அப்படித்தான். “கல்வட்டம் நேர்ல பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று பேராசிரியர் கேட்டார். செத்தவர்களைப் புதைத்துச் சுற்றி நட்ட அந்த மூவாயிரம் வருஷத்துக் கல்லில் ஆட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்து படித்தவள் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் எந்த ஊர் என்பார்கள், அப்புறம் எந்தத் தெரு என்பார்கள்.

வருஷா வருஷம் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கே போய்க்கொண்டிருந்த எட்டாம் வகுப்பை இந்த வருஷம் கல்வட்டத்துக்குத் திருப்ப அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் படம் பிடித்து வந்து காட்டினாள். பெண் பிள்ளைகள் ஒரு வாரமாக மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒரு கல் நகர எத்தனை பேர் தள்ள வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று காலை பிரேயரில் அறிவிப்பு வந்தது. அந்த இடத்தில் கழிப்பறை கிடையாதாம். நூறு மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டவும் கூடாதாம். எனவே பையன்கள் கல்வட்டத்துக்கு, பெண்கள் கோளரங்கத்துக்கு. “பையனுங்க எங்கியாவது ஒதுங்கிப்பானுங்க” என்று சொல்லிச் சிரிக்கவும் சிரித்தார் கோதண்டம்.

மூன்று ‘இல்லை’. மூன்றும் இவள் எழுதியவை. அதனால்தான் இப்போது வாயைத் திறந்தாள்.

“உங்க வீடு ஊருக்குள்ளயாம்மா, இல்ல…” கோதண்டம் இழுத்தார்.

“காலனி சார்.”

கோதண்டம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

“எனக்கு ஒண்ணும் கிடையாதும்மா. நம்ம மனசுல அதெல்லாம் கிடையாது. பேரண்ட்ஸ் கேப்பாங்க இல்ல?”

“இன்னும் யாரும் கேக்கலியே சார்.”

ஹேமாவதி அவள் முழங்கையைத் தொட்டாள். “வல்லி, அம்மாக்கு ஏண்டி சிரமம்? இத்தினி பேருக்கு ஆக்கிப் போடணும், பாவம்.”

“சிரமம்னு எங்கம்மா உன்கிட்ட சொன்னாங்களா?”

“நல்லதுக்குச் சொன்னா ஏன் எகிர்ற?”

நாலு வருஷமாக ஒரே பெஞ்சில் சாப்பாடு. ஹேமாவதி தினமும் தன் டப்பாவிலிருந்து அள்ளி வைப்பாள். நாகவல்லி ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவை நீட்டினால், “அசிடிட்டிடி. காரம் ஆவாது” என்பாள். அதை நம்பி, ஊருக்குப் போகும்போதெல்லாம் மிளகாயைக் குறைக்கச் சொல்லி அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறாள் நாகவல்லி. இப்போது ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் தனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்ததும் அதோடு போயிற்று.

“சார், பாரத்துல பொய் எழுதுனது நான். என்னைத் திட்டுங்க, மெமோ குடுங்க. பொண்ணுங்கள ஏன் நிறுத்தறீங்க? குடுங்க, திருத்தித் தரேன். எங்க தெருவுல நாப்பது ஊடு கீது.” பள்ளிக்கூடத்துக்கு என்று வைத்திருந்த பேச்சு நழுவியது. பிடித்து நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை.

கோதண்டம் பாரத்தை இழுப்பறைக்குள் வைத்தார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

“யாரும்மா பொய்னு சொன்னது? பாரம் சரியாத்தான் கீது. அப்டியே இருக்கட்டும்.”

மறைத்து மறைத்து இவள் இல்லாமல் ஆக்கியதை, இருக்கிறது என்று சொன்ன பிறகும் இவர் இல்லை என்கிறார். கன்னியம்மா கட்டிக்காத்த வீடு, நடுராத்திரியில் வயலுக்கு ஓட வேண்டாம் என்று அவள் நின்று கட்ட வைத்த கழிப்பறை, வாசல் குழாய், எல்லாம் அந்த இழுப்பறைக்குள் போய் மூடிக்கொண்டன.

எழுந்தாள்.

“உக்காரும்மா. பேசிக்கலாம்.”

“என்ன சார் பேசறது? இல்லாத தெருவப் பத்தியா?”

ஹேமாவதி “வல்லி, வேணாம்டி” என்றாள். அதற்குள் பள்ளி விடும் மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் அம்மாக்கள் நிற்பார்கள். திருவேற்காட்டுக்காரிகள், பூந்தமல்லிக்காரிகள், எல்லாச் சாதியும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவடி ஸ்டேஷனில் நிற்பேன், கல்வட்டம் பார்க்கப் பெண்ணோடு நீங்களும் வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லப்போகிறாள். யார் வீட்டில் சாப்பாடு, அது எந்தத் தெரு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். ஒருத்தியும் வராமல் போகலாம். திங்கட்கிழமை வேலை இல்லாமலும் போகலாம். எத்தனை பேருக்கு உலை வைக்கட்டும் என்று அம்மா கேட்டால் சொல்ல ஓர் எண் கூட அவளிடம் இல்லை.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, படியிறங்கி, கேட்டைப் பார்த்து நடந்தாள்.