நூறு எண்ணும் வரை

“வாசல்ல இவ்ளோ செருப்பு கெடந்தா தூக்கறவங்க தடுக்கி விழுவாங்க. கொஞ்சம் ஓரமா தள்ளுங்கம்மா” என்றார் சவ வண்டி ஓட்டுநர்.

உள்ளே தம்பி பெட்டியில் படுத்திருந்தான். கைக்கு ஒரு வேலை கிடைத்ததே போதும் என்றிருந்தது அக்காவுக்கு. குனிந்து ஜோடி ஜோடியாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினாள்.

பாதி ஜோடிகளின் நுனியில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. எல்லாம் தம்பியின் கைவேலை. அப்பாவிடமிருந்து அவனுக்கு ஒரு நோய் வந்திருந்தது. கால் வருடத்துக்கு வருடம் விறைத்துக்கொண்டே போகும். நடக்கையில் விரல் தரையில் இழுபட்டு ஷூவின் நுனி முதலில் தேயும். ஊருக்கு ஒருவருக்கு இருந்தாலே அதிகம். அந்த ஒருவரையெல்லாம் தேடிப் பிடித்து ஒரு சங்கம் சேர்த்திருந்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொடுத்து, “நம்ம சங்கத்து முத்திரை. அழுத்திப் பிடிச்சு நூறு எண்ணுங்க. எண்பதுல விட்டுட்டு என்னைத் திட்டக்கூடாது” என்பான். போன வாரம் சளி நெஞ்சில் கட்டி, மூன்றே நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

ஆராய்ச்சி டாக்டரம்மாவும் வந்து ஓரமாக நின்றிருந்தார். வருடா வருடம் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து, தம்பியைப் பத்து மீட்டர் நடக்கவைத்துக் குறித்துக்கொள்பவர். கால் நன்றாக இருப்பவர் வழியாகவும் பிள்ளைக்கு வரலாம், பரிசோதனைக்கு அக்கா வீட்டாரின் ரத்தமும் வேண்டுமென்று மூன்று முறை கேட்டிருந்தார். “எங்க பக்கம் அதெல்லாம் இல்ல, விட்டுடுங்க” என்று மூன்று முறையும் முகத்திலடித்தாற்போல் சொல்லியிருந்தாள். தன் கால் நன்றாக இருக்கிறது, அதனால் மகள் தப்பித்தாள் என்று நம்பித்தான் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினாள்.

கடைசி ஜோடியில் கை நின்றது. வலது நுனியில் அதே ரப்பர். ஆனால் அளவு சின்னது. மகள் வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவே கூடப் போய் வாங்கிக்கொடுத்த ஷூ. இடது நுனியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தோல் தேய்ந்து வெளுத்திருந்தது.

நிமிர்ந்தாள். கதவருகே மகள் நின்றிருந்தாள்.

“எப்பலேருந்து?”

“எட்டு மாசமா. மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ தாங்க மாட்டேன்னு பயமா இருந்துச்சும்மா. ‘அக்காவுக்கு நான் பக்குவமா சொல்லிக்கறேன், நீ பேசாம இரு’ன்னாரு மாமா. அதுக்குள்ள படுத்துட்டாரு. இடது காலுக்கு ஞாயித்துக்கிழமை ஒட்டித் தரேன்னிருந்தாரு.”

தம்பிமேல் கோபம் கோபமாக வந்தது. பக்குவமாகச் சொல்கிறானாம். ஆனாலும் எட்டு மாதம் மகள் இதைத் தனியாகச் சுமக்கவில்லை என்பதில் நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஷூவைக் கையில் பிடித்தபடியே பெட்டியைத் தாண்டி அவன் மேசைக்குப் போனாள். இழுப்பறையில் டியூப், கத்தரிக்கோல், பசை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. எடுத்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, அடுத்த வாரம் வரோம். ரெண்டு பேரும்” என்றாள் தலை நிமிராமல்.

“கெளம்பலாமாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க.”

ரப்பரை வெட்டி இடது நுனியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எண்ணினாள். துக்கத்துக்கு வந்திருந்த சங்கத்தார் ஊன்றுகோலோடு சுற்றி நின்றார்கள். எண்பதைத் தாண்டியும் அக்கா விரலை எடுக்கவில்லை.