பெட்டிமேல் உட்கார்ந்தவள்

“விடுங்க மேடம், பெட்டி மத்தியானத்துக்குள்ள கப்பல் ஏறியாகணும்...”

“நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஸ்டோர்ல பதினோரு வருஷம் கயிறு பார்த்தவங்க நீங்க. தூக்கறது என் வேலை.”

“அதனாலதான் சொல்றேண்ணே. அந்தக் கயிறு சரியில்ல.”

“நானும்தான் பார்த்தேன்” என்றார் மேஸ்திரி.

“மேல மட்டும் பார்த்தீங்க.”

துறைமுகச் சரக்கு முற்றத்துக்கு அவள் மேலாளராகி நான்கு மாதம். பழைய மேலாளர் ஓய்வு பெற்ற அன்று நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஸ்திரிக்கு மாட்டிவிட்டுப் போனார். அறுபதடி உயரத்துக் கூண்டில் இருக்கும் கிரேன்காரருக்கு அந்த விசில் ஒன்றுதான் உத்தரவு. ஆக, கையெழுத்து அவளுடையது, முற்றம் மேஸ்திரியுடையது. ‘பொம்பளைக்கு நாற்காலி போதாதா’ என்று டீ நேரத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் காதில் விழும்படிதான் பேசுவார்கள்.

மேஸ்திரி விசிலை நீளமாக ஊதினார். கம்பிக் கயிறு விறைத்தது. பெட்டி சுழலாமல் பிடிக்க இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் மேஸ்திரியின் கூடப்பிறந்த தம்பி.

அவள் கத்தவில்லை. விடுவிடுவென்று போய், பெட்டியின் மரச்சட்டத்தில் கால் வைத்து ஏறி, அந்தப் பன்னிரண்டு டன்னின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

மேலே இன்ஜின் நின்றது.

லாரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். எடைமேடையில் இருந்தவர் பேனாவை மூட மறந்து நின்றார். அத்தனை பெரிய இரும்பு, அத்தனை ஆட்கள், நடுவில் ஒரு குள்ளமான பெண். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அந்த முற்றத்தில் பகலில் கடல் கேட்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பெட்டியின் மூலையில் கயிறு மடங்கும் இடத்தை அவள் காட்டினாள். மேஸ்திரி வந்து அடிப்பக்கம் தடவினார். கையுறை எதிலோ சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தால், அறுந்த கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

“இதை நம்பியாண்ணே என்னை நிக்க வெச்ச?” என்றான் தம்பி.

மேஸ்திரி அவன் பக்கம் திரும்பவில்லை. குரலை இறக்கி, “இறங்கிடுங்க மேடம். ஆளுங்க பார்க்கறாங்க” என்றார்.

“பார்க்கட்டும்ணே. நீங்க ஊதலையே, கிரேன் யார் சொல்லி நின்னுச்சு?”