பாலைவனத்துக் கூஜா

பாலைவனத்தில் பனி போலத் தண்ணீர் தந்த மண்கூஜா, காஜா பெராங் வீட்டில் வெதுவெதுப்பாகத் தந்தது. நல்லையா அதைச் சமையலறை மூலையில் வைத்துப் பார்த்தார். ஜன்னலில் வைத்தார், கிணற்றடி நிழலில் வைத்தார். காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம் எடுத்துக் குடித்தால், பக்கத்து அலுமினியச் செம்பில் இருந்த தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் முன்புறத்தில் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர் அவர். மிஷின் நூலை அறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதும், மிஷின் பொய் சொல்லாது என்பதும் அவருடைய நம்பிக்கை. அவருடைய மனைவி கமலவேணியும் பொய் சொல்லமாட்டாள். அப்படியானால் இடையில் என்ன கோளாறு?

அந்த வருஷம் அவர்கள் இங்கிலாந்துக்குப் போய்வந்தார்கள். அங்கே நர்ஸாக இருந்த மகளுக்குப் பிரசவம். திரும்பும்போது கப்பல் சூயஸ் கால்வாய்க்குள் நுழையும் இடத்தில் பயணிகளுக்கு ஒரு வசதி செய்து தந்தார்கள். கால்வாய் குறுகலானது, கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சவ ஊர்வலம் போல ஊர்ந்துதான் போக முடியும். அதற்குள் விருப்பப்பட்டவர்கள் இறங்கி, பஸ்ஸில் போய், பிரமிடைப் பார்த்து, பாலைவனத்தில் கொஞ்சம் ஒட்டகம் ஏறி, மறுமுனையில் கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம். வழிகாட்டி கூடவே வருவார். நல்லையா இதற்காக லண்டனிலிருந்தே காத்திருந்தார். போக வேண்டிய நாளில் அவருக்குக் காய்ச்சல்.

"நீ போய்ட்டு வா. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு," என்றார் கட்டிலில் படுத்தபடி.

பாசாருக்குக்கூடத் துணையில்லாமல் போகாத கமலவேணி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களோடு பஸ் ஏறினாள். சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பியபோது முகமெல்லாம் மணல். கையில் கூஜா. ஐஸ் இல்லாமலே இது தண்ணீரைக் குளிரவைக்கிறது என்று கதவைத் திறந்ததுமே சொன்னாள். அவருக்குப் பினாங்கு வந்து சேரும்வரை வெந்நீரும் கஞ்சியும்தான் என்பதால் சோதித்துப் பார்க்க வழியில்லை.

ஊருக்கு வந்து அவள் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் கேட்டவர்கள் கூஜாவையும் பார்க்க வந்தார்கள். குடித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயிலில் ஒருத்தி, கமலவேணி சீமைக்குப் போய்க் கதைகட்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள் என்றாளாம். எதிர்வீட்டுப் பாக்கியம் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் சாமி கும்பிட மட்டும்தான், மற்றதற்கெல்லாம் மலாய். அவளும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மெர்டேக்கா டூலு, பாரு ஆயிர் செஜுக்" என்று சிரித்தாள். முதலில் சுதந்திரம் வரும், அப்புறம்தான் இந்தத் தண்ணீர் குளிரும் என்று அர்த்தம். மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு அப்போது இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

கமலவேணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கதை சுருங்க ஆரம்பித்ததை நல்லையா கவனித்தார். முதலில் கதையிலிருந்து தண்ணீர் போயிற்று. அப்புறம் அதைக் குடித்த பாலைவனக் கூடாரம் போயிற்று. போன வாரம் யாரோ கேட்டபோது, "பஸ்ல போனோம், பிரமிடு பாத்தோம், வந்துட்டோம்" என்று முடித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவள் தன் வாழ்க்கையில் தனியாகப் போய்வந்த ஒரே இடம் அது.

அன்று சாயங்காலம் அவர் கூஜாவை மேஜைமேல் வைத்து, எதிரில் அவளை உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணும் விடாம."

"எத்தனை தடவைங்க சொல்றது? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. வெயில்ல அலைஞ்ச தாகத்துக்குச் சாதாத் தண்ணிகூட ஐஸ் மாதிரி இருந்திருக்கும்."

"அதையும் பாத்துடுவோம். சொல்லு."

அவள் தயக்கத்தோடுதான் தொடங்கினாள். அவர் குறுக்கே கேள்வி கேட்கக் கேட்க, பயணம் ஒவ்வொரு அங்குலமாகத் திரும்பி வந்தது. வழிகாட்டியின் பெயர் மஹ்மூத். தலையில் சிவப்புக் குல்லா. ஆங்கிலத்தில் பேசுவார், அவளுக்குப் பாதி புரியாது. ஒட்டகக்காரனுக்கோ ஆங்கிலமே தெரியாது. ஒட்டகத்தின் முதுகில் கட்டியிருந்த மர இருக்கையைக் காட்டி அவன் "குர்சி" என்றான். நம்மூர் மலாய்க்காரர்களும் நாற்காலியைக் கிட்டத்தட்ட அப்படித்தானே சொல்வார்கள்! அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. சவுக்காரத்துக்கு சாபுன், உலகத்துக்கு துனியா என்று தனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவன் பலவற்றுக்குத் தலையாட்டினான். மலாய்க்காரர்கள் அந்தச் சொற்களை அரபியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள் என்று நல்லையா விளக்கினார். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தான் பேசியது அரபி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எந்திரிக்கறப்ப முன்னங்காலை முதல்ல தூக்குச்சா, பின்னங்காலையா?"

"பின்னங்கால்தாங்க. முன்னால சாயாதே, பின்னால சாஞ்சுக்கோன்னு மஹ்மூத் கத்துறாரு. நான் பெச்சா ரிக்ஷா மேட்டுல ஏறுறப்ப குனியற மாதிரி முன்னால குனிஞ்சுட்டேன். ஒட்டகம் கழுத்தைப் போய்க் கட்டிக்கிட்டேன். ஒரு செருப்பு கீழ விழுந்துருச்சு. அது திரும்பிப் பாத்துச்சு பாருங்க, எங்க அத்தை பாக்கற மாதிரி."

நல்லையா மேஜைமேல் கையை ஒட்டகம்போல மடக்கி நிமிர்த்திப் பார்த்து, பின்பக்கம் முதலில் உயர்ந்தால் ஏன் ஆள் முன்னால் சரிவான் என்று தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

பிறகு மணல்மேடு. அங்கே அவளை ஆச்சரியப்படுத்தியது மணல் அல்ல. அத்தனை வெயிலில் அவளுக்கு வேர்க்கவே இல்லை. முந்தானையில் தண்ணீர் கொட்டிவிட்டது, பிழிவதற்குள் காய்ந்துபோயிற்று.

நல்லையா எழுந்தே விட்டார். "வேர்த்திருக்கும் கமலா. வேர்த்த உடனே காஞ்சிருக்கும், அதான் உனக்குத் தெரியல. தண்ணி எங்க வச்சிருந்தாங்க?"

"கூடாரத்து வாசல்ல. காத்து வர்ற பக்கம் வரிசையா தொங்கவிட்டிருந்தாங்க. எல்லாக் கூஜாவும் இதே மாதிரிதான். கழுத்துக்குள்ள மண்ணாலேயே சல்லடை, பூச்சி விழாம இருக்க."

நல்லையா ஈரத்துணியைக் கொண்டுவந்து அவள் முழங்கையில் தடவி ஊதினார். அவள் சிலிர்த்தாள். அதுதான் விஷயம் என்றார். தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தான் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். கையில் இருந்தால் கையிலிருந்து, கூஜாமேல் இருந்தால் கூஜாவிலிருந்து. எவ்வளவு வேகமாகக் காய்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. ஆகவே அங்கே தண்ணீர் உண்மையாகவே குளிர்ந்திருக்கிறது. அவளுடைய தாகம் செய்த வேலை அல்ல.

"இங்க ஏன் குளிரல?"

"நம்ம ஊருக் காத்து திருவிழா பஸ் மாதிரி. ஏற்கெனவே தண்ணி நிரம்பிக் கிடக்கு. புதுசா ஏற இடமில்ல. அங்க பஸ் காலி."

கமலவேணி கூஜாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தான் சொன்னது பொய்யில்லை என்பது அவளுக்குப் போதவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. "அப்ப இத இனிமே யாருக்கும் காட்ட முடியாதுங்க," என்றாள். "பூ வச்சுக்கறேன் இதுல."

மறுநாள் மத்தியானம் நல்லையா சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, பாக்கியம் தன் வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவள் வீட்டில் லாபு என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கறுப்பு மண்குடுவை ஒன்று உண்டு. பேராக்கிலிருந்து வந்தது, சுரைக்காய் வடிவம். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே நல்லையாவுக்கு ஜில்லென்றது. ஐஸ் அளவுக்கு இல்லை. ஆனால் செம்புத் தண்ணீரைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது.

டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே காற்று. திருவிழா பஸ்தான் என்றாலும் தொத்திக்கொண்டு போகக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைப் பாக்கியத்தின் லாபு பயன்படுத்துகிறது, கமலவேணியின் கூஜா பயன்படுத்தவில்லை. ஆகவே காற்றின்மேல் மட்டும் பழி போட முடியாது. கோளாறு கூஜாவில் இருக்கிறது.

அவர் பாக்கியத்திடம் லாபுவைத் தொட்டுப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். அவள் வியப்போடு உள்ளே கூட்டிப் போனாள். லாபுவின் வெளிப்புறம் விரலில் ஈரமாக ஒட்டியது. வாங்கியதும் என்ன செய்தாய் என்று கேட்டார். என்ன செய்வது, தண்ணீரை ஊற்றினேன் என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கூஜாவின் வயிற்றைத் தடவினார். காய்ந்த வழவழப்பு. ஒரு துளி தண்ணீரை அதன்மேல் விட்டார். மண் அதைக் குடிக்கவில்லை. சேம்பிலையில் விழுந்த துளிபோல உருண்டு கீழே விழுந்தது.

"கமலா, இந்தக் கூஜா கப்பல்ல எப்படி இருந்துச்சு?"

"ஒழுகுச்சுங்க. நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்க, உங்களுக்கு எங்க தெரியப் போகுது. சுத்தி ஈரம், கீழே ஒரு பேசின் வச்சிருந்தேன்."

"இப்ப ஒழுகல."

"எப்படி ஒழுகும்? வந்த மறுநாளே பழக்கிட்டேனே."

சொல்லிவிட்டு, சோற்றுக்கரண்டி கையில் இருக்க, அவள் நின்றாள்.

புது மண்சட்டி வாங்கினால் தமிழ் வீட்டில் அதை அப்படியே அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அரிசி கழுவிய நீரோ கஞ்சியோ ஊற்றி ஊறவைத்து, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் காயவைத்துப் பழக்குவார்கள். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கஞ்சியும் எண்ணெயும் அவற்றை அடைத்துவிடும், குழம்பு கசியாது. இதை யாரும் ஒரு வேலையாக நினைத்து வெளியே சொல்வதில்லை. கமலவேணியும் சொல்லவில்லை. பாலைவனத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பொருள் ஒழுகுகிறதே என்று, உள்ளே வடிகஞ்சியை ஊற்றி வைத்து, வெளியே தேங்காய் எண்ணெயை மூன்று கை பூசி, மற்றச் சட்டிகளைவிட அதிக அக்கறையோடு பழக்கியிருந்தாள்.

"ஒழுகுறதுதான் அதோட வேலையாங்க?"

"அது ஒண்ணுதான் வேலை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நல்லையா பதறிப்போய் அருகில் போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடைத்ததைத் திறக்க வேண்டும். கழுத்துச் சல்லடைக்குள் விரல் போகாது, தேய்க்க முடியாது. முதலில் வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கூஜாவை அதில் முழுக்கி, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி ஊறவைத்தார்கள். எண்ணெய் மேலே மிதந்து வந்தது, கஞ்சியும் கொஞ்சம் கரைந்து வந்தது. மீதியை நெருப்புதான் எடுக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் வெடித்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் சுவரைப் பிளந்துவிடும். அதனால் வெயிலில் நன்றாக உலர்த்தினார்கள். நல்லையா செமாபோக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய் ஒரு சாக்கு உமி கொண்டுவந்தார். உமி தீ பிடித்து எரியாது, நின்று கனலும். சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கொல்லையில் உமியைக் குவித்து நடுவில் கூஜாவைப் புதைத்துக் கனலவிட்டார்கள். எண்ணெய் பொசுங்கும் வாடை தெரு முழுக்கப் பரவியது. பாக்கியம் தெருவைத் தாண்டி வேலியோரம் வந்து, கூஜாவுக்குக் காரியம் செய்கிறீர்களா என்று மலாயில் கேட்டாள்.

"வெடிச்சுருச்சுன்னா?" என்றாள் கமலவேணி.

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது. நீ போனதும் பாத்ததும் நெசம்."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஆனா வெடிக்கக்கூடாது."

உமி சாம்பலாகித் தானே ஆறும்வரை தொடவில்லை. வெளியே எடுத்தபோது கூஜா முழுசாக இருந்தது, புதிதாக வாங்கிய நாளின் வெளிறிய நிறத்தில். தண்ணீர் ஊற்றியதும் மண் அதைச் சர்ரென்று உறிஞ்சியது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுப்புறம் கறுத்து, பிறகு வியர்த்தது. முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் திறந்திருக்கும் நடையில், கடற்காற்று ஓடும் வழியில், நல்லையா அதைக் கயிற்றில் தொங்கவிட்டார். கீழே ஒரு பேசின். கூஜாவைத் துடைக்கக் கை போனபோதெல்லாம் கமலவேணி தன் கையைத் தானே இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் முதல் டம்ளரை அவள் அவருக்குத்தான் ஊற்றினாள். அவர் குடித்தார். பாலைவனத்தில் அவள் குடித்த அளவுக்குக் குளிர்ச்சி இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பற்களில் தெரிந்தது. அவர் டம்ளரை மறுபடி நீட்டினார்.

அதற்கடுத்த டம்ளர் பாக்கியத்துக்கு. அவள் குடித்து முடித்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஒட்டகத்தைப் பற்றி மறுபடி சொல் என்றாள். கமலவேணி செருப்பு விழுந்ததிலிருந்து தொடங்கி, ஒட்டகக்காரனோடு பேசியதை மலாயிலேயே நடித்துக் காட்டினாள். கேட்டு முடித்த பாக்கியம், இத்தனை நாள் குளிராத கூஜாவுக்கு இப்போது என்ன மந்திரம் போட்டீர்கள் என்றாள்.

மந்திரம் எதுவும் இல்லை. தண்ணீர்க் கூஜாவைக் குழம்புச் சட்டி போலக் கஞ்சியும் எண்ணெயும் போட்டுப் பழக்கக் கூடாது. பழக்கிவிட்டால் சலவைச் சோடாவில் ஊறவைத்து, உலர்த்தி, உமிச் சூட்டில் சுட்டு எடுக்க வேண்டும். பிறகு நிழலில், காற்று ஓடும் இடத்தில் தொங்கவிட்டு, துடைக்காமல் அதை ஒழுகவிட வேண்டும்.