மூன்று கட்டம் போட்ட நோட்டு

ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கிறேன், இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உருதில் அர்த்தம், நடுவில் அகலமான கட்டம், அந்தச் சொல்லை வைத்து நானே எழுதும் ஆங்கில வாக்கியத்துக்கு, உருதுப் பள்ளியில் படித்த வாணியம்பாடிப் பெண்ணுக்கு வேறெப்படி ஆங்கிலம் வரும், திங்கட்கிழமை சென்னையில் ஒரு தோல் கம்பெனியில் இன்டர்வியூ, கை ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, மாமியாரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை, துபாய்க்குக் கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று ஐந்து வருடம் இழுத்தடித்த என் கணவர் அதீக், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்பது போன ரமலானில்தான் தெரிந்தது, அன்றிலிருந்து இந்த வீட்டில் அவரைப் பெற்றவரும் நானும் மட்டும், அம்மீ அம்மீ என்று மாமியார் பின்னாலேயே சுற்றிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது, மனதில் இருப்பதையெல்லாம் நடுக்கட்டத்தில் கொட்டினேன், இனி அவர் திரும்பமாட்டார், ஹாஸ்டலில் கட்டிலுக்கு என்ன வாடகை, அம்மீ தனியாக எப்படிச் சாப்பிடுவார், எல்லாம் ஆங்கிலத்தில், அம்மீக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாதே என்ற தைரியம், என் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க, உருது வாசிப்பாரே என்று தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், அம்மீ கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் நோட்டு, வலப்பக்கத்தில் மட்டும் விரல் மேலிருந்து கீழே இறங்குகிறது, ஜுதாயி, நவ்கரி, கிராயா, தன்ஹாயி, பிரிவு, வேலை, வாடகை, தனிமை, நடுக்கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை, பார்க்கத் தேவையும் இல்லை, வீட்டில் உருது தவிர வேறு பேசாதவர், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்குத் தாவுவார், தமிழில் கேட்டார், எப்ப கெளம்புற, திங்கட்கிழமை என்றேன், எம் புள்ளயும் இப்படித்தான் மறைச்சான், நீயுமாம்மா, என்றார், துணியை அணைத்தபடி அழுதேன், அவர் அழவில்லை, அதுதான் இன்னும் தாங்கமுடியவில்லை.

திங்கட்கிழமை, ரயில் ஆம்பூரைத் தாண்டிவிட்டது, கோடு போட்டுக்கொண்டே போகலாம் என்று நோட்டைத் திறக்கிறேன், புதுப்பக்கத்தில் கோடு ஏற்கெனவே இருக்கிறது, ஸ்கேல் இல்லாமல் இழுத்த கோணல் கோடு, வலக்கட்டத்தில் அம்மீயின் நடுங்கும் எழுத்தில் ஒரே சொல், இஜாஸத், அனுமதி, அதன் ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும், இடக்கட்டத்தில் எழுதிவிட்டேன், நடுவில் அம்மீ என்று தொடங்கினேன், அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை, கை நின்றுவிட்டது.