நாற்பத்தாறு டிகிரி மண்ணெண்ணெய்

மக்தலேனா ஆற்றங்கரை சுத்திகரிப்பு ஆலையின் கோபுரத்தை இருபது நாள் ஒரு மயிரிழைகூட அசையவிடாமல் நிறுத்தி, அதனாலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். அந்தக் கோபுரத்தில் இடித்துக்கொள்ளாமல் இருக்க மேகங்களே சுற்றிக்கொண்டு போகும். நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவி எடில்மாவே முப்பத்தெட்டு வருடமாக நம்பவில்லை.

நான் கோபுரத்தில், அவள் பரிசோதனைக்கூடத்தில். கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சிக் கோபுரத்துக்குள் விட்டால் பெட்ரோல் ஆவி உச்சிக்கு ஓடும், தார் அடியிலேயே உட்கார்ந்துவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் நடுவில் தத்தம் சூட்டுக்கேற்ற அடுக்குத் தட்டில் குளிர்ந்து தங்கும். பெட்ரோல் கொஞ்சம் கசிந்தாலும் மண்ணெண்ணெய் சீக்கிரம் தீப்பற்றும். தினம் நான் அனுப்பும் பாட்டில் எத்தனை டிகிரியில் பற்றுகிறது என்று பார்ப்பது எடில்மா.

அவளுக்குக் கார்த்தகேனாவில் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள் என்றார்கள். பாட்டிலை நீட்டியபடி கேட்டுவிட்டேன்.

"நீங்க போகாம இருக்க நான் என்ன செய்யணும்?"

"உங்க மண்ணெண்ணெய் நேத்து நாப்பத்தொண்ணு, இன்னிக்கு நாப்பத்தொம்பது. நிலையா நிக்காத ஆள நம்பி நான் எதுக்கு இங்க இருக்கணும், எவெலியோ?"

"நின்னா?"

"இருபது நாள் நாப்பத்தாறுலயே நிக்கட்டும். பாப்போம்."

காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேன். மழை விழுந்தால் உச்சி குளிர்ந்துவிடும். அக்கரையில் மேகம் கறுத்ததுமே வால்வைத் திருகிச் சரிசெய்வேன். எந்தக் கிணற்று எண்ணெய் வருகிறதென்று, அது குழாயில் பாதி வழி வரும்போதே என் மூக்குக்குத் தெரிந்துவிடும். பத்தொன்பது நாள், நாற்பத்தாறு.

இருபதாம் நாள் எடில்மாவே வந்து நின்றாள். தலைக்கவசம் கண்ணை மறைத்தது.

"ஒரே கேன்லேருந்து தினமும் பாட்டில் பாட்டிலா ஊத்தி அனுப்புறீங்க. இன்னிக்கு நானே பிடிக்கிறேன்."

பிடித்தாள். நாற்பத்தாறு. கார்த்தகேனாவுக்குப் போகவில்லை.

ஆனால் அவசரத்தில் ஒன்றை மறந்திருந்தாள். குழாயில் தங்கிய பழைய எண்ணெயை வாளியில் வடித்துவிட்டுத்தான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஆலையில் சமையல்காரனுக்குக்கூட இது தெரியும்.

"அது குழாய்ல கிடந்த நேத்து எண்ணெய். கணக்குல சேராது," என்று கல்யாண விருந்திலேயே அறிவித்தாள். பேத்தியின் ஞானஸ்நானத்திலும் சொன்னாள்.

போன ஞாயிறு ஆற்றோரக் கடையில் டோமினோ ஆடிக்கொண்டே நான் பழைய கதையை எடுத்தேன். நண்பன் ரூமால்தோ காயைக் கீழே வைத்தான்.

"எடில்மா, உங்க ஆளு மறுபடி கோபுரத்துல ஏறிட்டாரு. இறக்கிவிடுங்க."

எடில்மா எனக்காக போகாச்சிகோ மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் என் கண்ணுக்கு முள் தெரிவதில்லை.

"அந்த இருபதாம் நாள் சாயங்காலம், இவரு சாப்பிடப் போன நேரம், திரும்பவும் கோபுரத்துக்குப் போனேன்," என்றாள் தலை நிமிராமல். "ஒரு வாளி நிறைய வடிச்சுவிட்டேன். பாட்டில மூணு தடவ அலசினேன். அப்புறந்தான் பிடிச்சேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே நிரூபிக்கிறத நிறுத்தியிருப்பீங்க."

"எத்தன டிகிரி வந்துச்சு?" என்றான் ரூமால்தோ.

முள்ளில்லாத துண்டை என் தட்டில் வைத்தாள்.

"நாப்பத்தாறு. இவரு சொல்றது நடந்ததுதான்."