சீக்கிரம் வந்தவள்

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆவணி மாசம். ஃபேக்டரிக்கு முதல் ஷிப்ட் கிளம்பப் பல் விளக்கிக்கொண்டிருந்த எல்லப்பன், வாய் ஒரு பக்கம் கோணிச் செம்போடு சாய்ந்ததும், செங்கமலம் ரோட்டுக்கு ஓடினாள். தங்கள் ஊரான பென்னலூரைத் தாண்டிப் போன கத்தரிக்காய் டெம்போவை மறித்து, மூட்டைகளுக்கு நடுவே புருஷனைப் படுக்கவைத்து, ஒன்றரை மணி நேரத்தில் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். "நல்ல வேளை, உடனே கொண்டாந்துட்டே," என்றாள் நர்ஸம்மா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே செங்கமலம் அன்றைய பொழுதைத் தள்ளினாள்.

மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு அதே பக்கவாதத்தோடு கோதண்டம் வந்தார். சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். கை மரத்துப்போனதை வாயு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, முழுசாக ஒரு நாள் கழித்துத்தான் வந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் அவர், "காபி ஆறிக் கெடக்குதே," என்று மனைவி சுந்தராம்பாளிடம் குறைபட்டார். எல்லப்பன் கண்ணையே திறக்கவில்லை.

செங்கமலம் டாக்டரை வழிமறித்தாள். "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்? அவங்க ஒரு நாள் கழிச்சு வந்தாங்க. நான் ஓடியாந்தனே!"

டாக்டர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையில் ஒரு பக்கம் பூராவும் கறுத்திருந்தது.

"பெரிய ரத்தக்குழாய் அடைச்சுட்டா, பக்கத்துல இருக்கிற சின்னக் குழாய்ங்க கொஞ்ச நேரம் தாங்கும்மா. சிலருக்கு அது நல்லா இருக்கும், மூளை மெதுவாத்தான் கெடும். இவருக்கு அது சரியா இல்ல. ரத்தத்துல சர்க்கரையும் ஏகத்துக்கு இருந்துச்சு. நீங்க வர்ற வழியிலேயே முக்காவாசி போயிடுச்சு. உங்க தப்பு எதுவும் இல்ல."

தப்பு பண்ணியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தன்னையே திட்டிக்கொண்டாவது அழலாம்.

அன்று சாயந்திரம் கோதண்டம் மெல்ல எழுந்து வந்து எல்லப்பனின் காலைத் தொட்டார். "தொடாதீங்க!" என்று செங்கமலம் கத்திவிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் தன் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எட்டாம் நாள் எல்லப்பன் போய்விட்டான்.

உடம்பை வண்டியில் ஏற்றும்போது கோதண்டம் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி இறங்கி வந்தார். தாங்க வந்த சுந்தராம்பாளின் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொரு படியாக. கடைசிப் படி வரைக்கும் செங்கமலம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லா நடக்கிறீங்கண்ணா," என்றாள்.

கோதண்டம் மனைவி பக்கம் திரும்பினார். "நீ கூடப் போ. நான் இருந்துக்கறேன்."

சுந்தராம்பாள் வண்டியில் ஏறி, செங்கமலத்தைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பென்னலூர் வரும்வரை அவள் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.